மனையில் நிற்கும் மரங்கள்: எதை வைப்பது, எதை எடுப்பது?

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி என் நாத்தனாரிடமிருந்து போன். குரலே சரியில்லை.

“அண்ணி, ஞாயித்துக்கிழமை நீங்க மனைக்கு வர முடியுமா? திங்கக்கிழமை மரம் வெட்ட ஆள் வருதாம். ஒன்பது மரத்துக்கும் சேர்த்து ஒரே விலையா பேசி முடிச்சிட்டார் இவர். எங்க மாமியார் நேத்திலேருந்து சரியாவே சாப்பிடலை.”

தாம்பரத்தைத் தாண்டி அவர்களுக்கு 2 கிரவுண்டு பூர்வீக மனை. அதில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்தாகிவிட்டது. ஆவணியில் பூமி பூஜை. “மனையைச் சுத்தமா கொடுங்க, வேலை சுலபமா முடியும்” என்று கட்டடக்காரர் சொல்லியிருக்கிறார். சுத்தம் என்றால் அவர் பாஷையில் ஒரு மரம்கூட இல்லாத பொட்டல்!

“நான் வர்றேம்மா. அதுவரைக்கும் யாரும் கோடாலியைத் தொட வேண்டாம்னு சொல்லு” என்றேன். அத்தனை தைரியமாகச் சொன்னதற்குக் காரணம், இந்த விஷயத்தில் நான் ஒரு முறை சூடு பட்டவள்.

சமையலும் பிள்ளை வளர்ப்பும் எழுதுகிற இந்தப் பக்கத்தில் மரம் வெட்டுகிற பேச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். வீடு கட்டும்போது ஹால் எத்தனை அடி, டைல்ஸ் என்ன நிறம் என்று நம்மைக் கேட்கிறார்கள். மரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்புறம் மேற்கு வெயில் அடித்துச் சுவர் கொதிக்கும்போது குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விசிறுவது நாம்தான். பாதி வேர் அறுந்த மரம் வீட்டின் மேல் சாய்ந்தால் பயந்து சாவதும் நாம்தான்.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2012இல் நாங்கள் வீடு கட்டினோம். பின்பக்கம் நல்ல வேப்பமரம் ஒன்று. “அது இருக்கட்டும்” என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். நாங்களும் பெருமையாக அதை ‘காப்பாற்றி’ விட்டோம். எப்படி? மரத்திலிருந்து நாலடி தள்ளி ஒரு பக்கம் காம்பவுண்டு சுவருக்கு வானம் தோண்டினோம். இன்னொரு பக்கம் தண்ணீர் சம்ப். மிச்ச இடத்தில் அடிமரம் வரைக்கும் சிமென்ட் தளம். ‘மரமும் இருக்கு, வீடும் கட்டியாச்சு’ என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டோம்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. கரண்ட் இல்லை என்று எல்லோரும் முன் ஹாலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் பின்பக்கம் ஒரு சத்தம், வீடே அதிர்ந்தது. போய்ப் பார்த்தால் வேப்பமரம் அடியோடு சாய்ந்து, அதன் கிளை ஒன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து கிடந்தது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ஆறு வயசுப் பையன் தினமும் உட்கார்ந்து எழுதுகிற மேஜை. அன்றைக்கு அவன் என் பக்கத்தில் இருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் கவிழ்ந்த மரத்தின் வேரைப் பார்த்தோம். இரண்டு பக்கம் கத்தியால் வெட்டிய கேக் மாதிரி நேர்கோடு! சுவருக்கு வானம் தோண்டியபோது ஒரு பக்கம் போயிற்று. சம்ப் வெட்டியபோது இன்னொரு பக்கம். வெட்டுப்பட்ட முனையெல்லாம் கறுத்து மக்கிப் போயிருந்தது. மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “இதுக்கு அன்னைக்கே வெட்டியிருக்கலாம்” என்றார். நாலு வருஷமாக நிழல் தருகிறது என்று நாங்கள் நினைத்த மரம், ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான்: மரத்தை வைப்பது என்றால் வேரோடு வைக்க வேண்டும். முடியாது என்றால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்துவிட வேண்டும். இரண்டும் கெட்டானாக விட்டு வைப்பதுதான் ஆபத்து. இந்தத் தீர்மானத்தையும் வீட்டு பிளான் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். பிளான் போட்ட பிறகு மரத்தைப் பார்த்தால் எல்லா மரமும் இடைஞ்சலாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைக்குப் போனேன். கையில் தையல் டேப், ஒரு நோட்டு, கொஞ்சம் கயிறு, ஒரு படி சுண்ணாம்புத் தூள், ஒரு சின்ன மரச் சுத்தியல். நாத்தனாரின் கணவர் சிரித்தார். “என்னங்க, மரத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?” என்றார். “அளவு எடுக்காம தைச்சாத்தான் கிழியும்” என்றேன்.

முதல் வேலை, மரங்களுக்கு நம்பர் போடுவது. நோட்டில் மனையைப் பெட்டியாக வரைந்து, எந்த மரம் எங்கே நிற்கிறது என்று புள்ளி வையுங்கள். பக்கத்து மனையில், தெருவில் நிற்கிற மரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் வேர் நம் மனைக்குள்ளும் இருக்கும். வேருக்குக் காம்பவுண்டு சுவர் தெரியாது.

இரண்டாவது, அளவு. தரையிலிருந்து 5 அடி உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். அந்தச் சுற்றளவை நாலால் பெருக்குங்கள். அத்தனை தூரத்துக்குக் கயிறு எடுத்து, மரத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுச் சுண்ணாம்பைத் தூவுங்கள். அதுதான் அந்த மரத்தின் வேர் வட்டம். அதற்குள் தோண்டக் கூடாது.

இது நானாகச் சொல்லுகிற கணக்கு இல்லை. பிரிட்டனில் கட்டட வேலைக்கு முன் மரங்களை மதிப்பிட பி.எஸ். 5837 என்று ஒரு தர விதி வைத்திருக்கிறார்கள். 2012இல் திருத்தி வெளியிட்டது. மரத்தின் குறுக்களவைப் போல் 12 மடங்கு தூரத்துக்கு வேரைத் தொடாதே என்பது அதன் கணக்கு. குறுக்களவை எடுக்க நமக்கு வசதியில்லை. டேப்பில் வருவது சுற்றளவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சுற்றளவைப் போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு வருகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்!

‘வேர் கீழே ஆழமாகத்தானே போகும், பக்கத்தில் தோண்டினால் என்ன?’ என்று நானும் நினைத்தவள்தான். அது தப்பு. மரத்துக்குச் சாப்பாடு எடுக்கிற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள்ளேயே படர்ந்திருக்கிறது. கிளை விரிந்திருக்கிற அளவையும் தாண்டிப் போகும். அதனால்தான் சாதாரண வடிகால் பள்ளம்கூட ஒரு பெரிய மரத்தைக் கொன்றுவிடுகிறது. உடனே தெரியாது. மூன்று நாலு வருஷம் கழித்து, ‘மரம் ஏனோ பட்டுப் போச்சு’ என்போம்.

மூன்றாவது, உடம்பு சோதனை. டாக்டர் குழந்தையைப் பார்க்கிற மாதிரி அடியிலிருந்து உச்சி வரை பாருங்கள். அடிமரத்தில் அலமாரித் தட்டு போலக் கெட்டியான காளான் இருக்கிறதா? இருந்தால் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது. மரச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் ‘ணங்’ என்று கெட்டியாகச் சொல்லும். உளுத்தது காலிப் பானை மாதிரி ஒலிக்கும். மரம் சாய்ந்திருந்தால் உடனே பயப்படாதீர்கள். சின்ன வயசிலேயே சாய்ந்து நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் அது பழைய சாய்வு. மரம் தன்னைச் சமாளித்துக்கொண்டுவிட்டது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புடைத்து, வெடிப்பு விட்டிருந்தால்தான் புதுச் சாய்வு. அது ஆபத்து. இரண்டு கிளைகள் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி நெருக்கிப் பிரிந்து, நடுவில் பட்டை மாட்டிக்கொண்டிருந்தால் காற்றில் அங்கேதான் பிளக்கும்.

நாலாவது, வகை பிரிப்பது. அதே விதியில் நாலு வகை சொல்லுகிறார்கள். இன்னும் 40 வருஷமாவது நல்லபடி நிற்கக்கூடியது முதல் தரம். 20 வருஷம் என்றால் இரண்டாம் தரம். 10 வருஷம் என்றால், அல்லது இளங்கன்றாக இருந்தால், மூன்றாம் தரம். 10 வருஷம்கூடத் தாங்காது என்றால் வைக்கத் தகாதது. முதல் இரண்டுக்கும் வீட்டை நகர்த்தலாம். மூன்றாவதை இடைஞ்சல் இல்லையென்றால் வைக்கலாம். நாலாவதைத் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். நானும் நாத்தனாரும் நோட்டில் இதையே 1, 2, 3, 4 என்று போட்டுக்கொண்டோம்.

இனி ஒவ்வொரு மரமாக வாருங்கள்.

நம்பர் 1, தெருப்பக்கம், அதாவது மேற்கே நிற்கிற வேம்பு. சுற்றளவு 6 அடி. வேர் வட்டம் 24 அடி. கிளை நுனிகள் அங்கங்கே நெருப்பில் காட்டினது போல் கருகியிருந்தன. “பாருங்க, இது செத்துக்கிட்டிருக்கு” என்றார் மரம் வெட்டுகிறவர். அப்படியில்லை. சில வருஷங்களாக வேம்புக்கு நுனிக் கருகல் நோய் வருகிறது. தெலுங்கானாவில் 2021இல் ஊர் ஊராகப் பார்த்தார்கள். நம் பக்கமும் இருக்கிறது. தேயிலைக் கொசுவும் ஒருவகைப் பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. நுனி கருகியதற்காக வேம்பை வெட்டாதீர்கள். காய்ந்த நுனியை மட்டும் கழித்தால் போதும். அடிமரம் கெட்டி, மேற்கு வெயிலை மறைக்கிற இடத்தில் நிற்கிறது. முதல் தரம்.

நம்பர் 2, கொல்லை மாமரம். இதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

நம்பர் 3, 4, தென்னை இரண்டு. தென்னையால் கடக்கால் வெடிக்கும் என்று பயப்பட வேண்டாம். அதன் வேர் விரல் கனத்துக்கு மேல் பருக்காது. ஆனால் தென்னைக்கு உயிர் உச்சிக் குருத்து ஒன்றில்தான். அது போனால் மரமே போயிற்று. தென்கிழக்கு மூலையில் நின்ற தென்னை நல்ல பச்சை, இரண்டாம் தரம். காயை முற்ற விடாமல் பறித்துக்கொண்டிருக்க வேண்டும், அதன் அடியில் குழந்தைக்கு ஊஞ்சல் போடக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்றின் குருத்தை சிவப்புக் கூன்வண்டு குடைந்துவிட்டிருந்தது. நடு மட்டைகள் தொங்கிவிட்டன. நாலாம் தரம். அதை விட்டுவைத்தால் வண்டு நல்ல மரத்துக்கும் வரும்.

நம்பர் 5, முருங்கை. ‘முருங்கை பருத்தால் தூணாகுமா?’ என்று சும்மாவா சொன்னார்கள்? மளுக்கென்று முறியும். மழைக்காலத்தில் அடிமரம் பூராவும் கம்பளிப்பூச்சி; பட்டால் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அதற்காகக் கீரையை விட முடியுமா? மரத்தை எடுத்துவிட்டு, கை கனத்தில் மூன்று நாலடிப் போத்தாக வெட்டி, வீட்டை விட்டுத் தள்ளிக் கொல்லை ஓரத்தில் ஊன்றினால் சீக்கிரமே கீரை பறிக்கலாம். முருங்கையை எடுப்பதில் யாருக்கும் பாவமில்லை!

நம்பர் 6, கேட் ஓரம் மே ஃப்ளவர். பூத்தால் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கிளை பரந்து, வேர் மேலாகவே ஓடி, காற்றுக்கு நிற்காத ஜாதி. வர்தாவில் எங்கள் தெருவில் முதலில் விழுந்தது இதுதான். இந்த மரமோ நடுவில் ‘வி’ப் பிளவு விட்டு, மின்கம்பி மேல் சாய்ந்திருந்தது. நாலாம் தரம். கம்பி அருகே இருக்கிற மரத்தை நாமே ஆள் வைத்து வெட்டக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான்.

நம்பர் 7, கிணற்றடி மஞ்சள் அரளி. பூஜைக்குப் பூ என்று வைத்திருந்தார்கள். குழந்தை இருக்கிற வீட்டில் இது வேண்டவே வேண்டாம். இலை, பூ, பால், காய் எல்லாம் விஷம். காயைக் குழந்தைகள் சொப்பு விளையாட எடுக்கும். வெட்டும்போது பால் கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குப்பையோடு போட்டு எரிக்கவும் கூடாது. எந்தக் குழந்தையாவது வாயில் வைத்துவிட்டால், கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்ன காய் என்று காட்ட ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நம்பர் 8, பழைய கிணற்றுச் சுவரில் முளைத்த அரசு. பறவை போட்ட விதை. இடுப்பு உயரம்கூட இல்லை. இதை இன்றைக்குப் பார்க்காமல் விட்டால் சுவரையே பிளந்துவிடும். “அரசை வெட்டக் கூடாதும்மா” என்றார் நாத்தனாரின் மாமியார். வெட்ட வேண்டாம், சின்னதாக இருக்கிறபோது வேரோடு பெயர்த்து நட்டால் அரசு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். குளக்கரைப் பிள்ளையார் கோயிலில் கேட்டோம். சந்தோஷமாக இடம் கொடுத்தார்கள்.

நம்பர் 9, வடகிழக்கு மூலையில் இளம் புங்கன். சுற்றளவு ஒன்றரை அடி. வட்டம் 6 அடி. விதிப்படி இளசு என்பதால் மூன்றாம் தரம்தான். ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம், காற்றுக்கு நிற்கிற மரம், நல்ல நிழல். இன்று மூன்றாம் தரம், இருபது வருஷத்தில் முதல் தரம். நம் பிள்ளைகளும் அப்படித்தானே! வைத்துக்கொண்டோம்.

ஆக, ஒன்பதில் வேம்பு, ஒரு தென்னை, புங்கன் நிற்கும். அரசு இடம் மாறும். முருங்கை போத்தாகப் பிழைக்கும். நோய்த் தென்னை, மே ஃப்ளவர், அரளி போகும். பாக்கி அந்த மாமரம்.

மத்தியானம் என்ஜினீயர் பிளானோடு வந்தார். சுண்ணாம்பு வட்டங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “மேடம், மரத்தையெல்லாம் பார்த்தா வீடு கட்ட முடியாது.”

“வீட்டை நகர்த்தச் சொல்லலைங்க. முதல்ல செப்டிக் டேங்கை நகர்த்துங்க” என்றேன்.

பிளானைத் தரையில் விரித்துப் பார்த்தபோது வேடிக்கை தெரிந்தது. வேம்பின் வட்டத்துக்குள் வீடு வந்தது ஒரு மூலைதான். ஆனால் செப்டிக் டேங்க், சம்ப், மழைநீர் சேகரிப்புக் குழி மூன்றும் வேம்புக்குக் கீழேதான்! முன்பக்கம் காலி இடம் என்று அங்கே தள்ளியிருக்கிறார். அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மரத்தைக் கொல்லுவது வீடு அல்ல, வீட்டைச் சுற்றித் தோண்டுகிற குழிகள். மூன்றையும் வடக்குப் பக்கம் மாற்ற அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. வட்டத்தைத் தொட்ட மூலையில் நீளமாக வானம் தோண்டாமல், தனித்தனிக் குழியில் பில்லர் நிறுத்தி, தரைக்கு மேலே பெல்ட் ஓட்டுகிறேன் என்று அவரே சொன்னார். குழி வெட்டும்போது வேர் குறுக்கிட்டால் ஜே.சி.பி.யால் பிய்க்காமல், கையால் தோண்டி, ரம்பத்தால் சுத்தமாக அறுக்க வேண்டும். மணிக்கட்டு கனத்துக்கு மேல் இருந்தால் பில்லரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “மண்ணு என்னன்னு பார்த்தீங்களா?” அவசியம் பார்க்க வேண்டியதுதான். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அது ஈரத்தை உறிஞ்ச, இன்னும் அதிகமாகச் சுருங்கும். ஆழமில்லாத அஸ்திவாரம் அங்கே விரிசல் விடும். மணல் பாங்கான இடத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஏரிக்கரை, வயல் இருந்த இடம் என்றால் மண் பரிசோதனை செய்து, எத்தனை ஆழம் போக வேண்டும் என்று என்ஜினீயரிடமே கேளுங்கள். இதில் நம் கைக்கணக்கு உதவாது.

இன்னொரு விஷயம். மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க மனையை இரண்டடி மண் கொட்டி உயர்த்துவதாக இருந்தார்கள். மரத்தைச் சுற்றி அப்படி மண் கொட்டினால் வேருக்கு மூச்சு முட்டும். வெட்டாமலே மரத்தைக் கொல்லுகிற வழி அது. வேம்பின் வட்டத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டு, விளிம்பில் மட்டும் செங்கல் வரப்பு வைத்து, தேங்குகிற தண்ணீர் வெளியேற ஒரு குழாயும் விடச் சொன்னோம். கார் நிறுத்துகிற இடத்துக்கும் சிமென்ட் தளம் இல்லை. தோண்டாமல் மேலாக ஓட்டைக் கல் பதித்து, நடுவில் புல்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் உண்மையான காவல். வட்டத்தைச் சுற்றி முதல் லாரி வருவதற்கு முன்பே மூங்கில் தட்டி கட்டிவிடுங்கள். அதற்குள் மணல், ஜல்லி கொட்டக் கூடாது. சிமென்ட் கலவை போடக் கூடாது. சிமென்ட் தண்ணீர் வேருக்குச் சுண்ணாம்பாய் இறங்கும். லாரி நிற்கக் கூடாது, மண் இறுகிவிடும். வேலையாட்கள் அடுப்பு மூட்டக் கூடாது, பல்புக்கு ஆணி அடிக்கக் கூடாது. கோடையில் வாரம் ஒரு முறை வட்டம் முழுக்க நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். ‘காற்றுக்கு நல்லது’ என்று உச்சியை மொட்டை அடிக்க விடாதீர்கள். மொட்டை அடித்த இடத்தில் உளுப்பு இறங்கும். அதிலிருந்து வருகிற புதுக் கிளை பலமில்லாமல் முறியும்.

வெட்டுவதற்கு முன் அனுமதி விஷயமும் உண்டு. தெருவில் நிற்கிற மரம் நம் கேட்டுக்கு நேராக இருந்தாலும் நம்முடையதல்ல. சந்தன மரமென்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கு 1955ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே சொந்த மனை மரத்துக்கும் அனுமதி வேண்டும். மற்றவர்கள் உங்கள் ஊர் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டே ஆளைக் கூப்பிடுங்கள். கிளையில் கூடு இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். குஞ்சு பறக்கிறவரை சில வாரம் பொறுத்தால் நம் வீடு ஒன்றும் குறைந்துவிடாது.

‘எங்களுக்கு மனை ஏது, ஃபிளாட்டில் இருக்கிறோம்’ என்கிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய வீட்டைப் பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடி கட்டுகிறீர்களானால், எந்த மரம் நிற்கும் என்பதை நம்பரோடு ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தை லாரி வந்ததும் மறந்துபோகும். ஏற்கெனவே கட்டின கட்டடமானால் சங்கத்தில் பேசி, அடிமரத்தை நெருக்குகிற சிமென்ட்டை மூன்று நாலடியாவது உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், ஆவணி புரட்டாசியில், எல்லா மரத்தையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, மாமரத்துக்கு வருகிறேன்.

நாத்தனாரின் மாமியார் கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட ஒட்டு பங்கனப்பள்ளி. அவர் குழந்தைகள் நாலு பேருக்கும் அதில்தான் தூளி கட்டியிருக்கிறார். “மத்ததெல்லாம் என்ன வேணா பண்ணுங்க. இதை மட்டும் விட்டுடுங்க” என்றார். நானும் அதை எப்படியாவது முதல் தரத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் போனேன். ஆனால் அடிமரத்தின் பின்பக்கம் கைத்தட்டு அகலத்துக்கு மூன்று காளான். சுத்தியலால் தட்டினால் காலிப் பானைச் சத்தம். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தோம், முழங்கை வரை உள்ளே போயிற்று. மரத்தின் பாரம் முழுக்கப் புது வீட்டின் சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தது.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. பொய் சொல்லி விட்டு வைக்கலாம், எல்லோருக்கும் நல்லவளாகிவிடலாம். எங்கள் வீட்டு எழுத்து மேஜை கண்முன்னால் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய், அந்தப் பொந்தைக் காட்டினேன். சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு புடவைத் தலைப்பால் மரத்தை ஒரு முறை துடைத்தார்.

“இதுக்குக் கீழே பேரன் விளையாடுவானேன்னு எனக்குத் தோணலை பாரும்மா” என்றார்.

அதோடு விடவில்லை. பங்கனப்பள்ளிக் கொட்டையைப் போட்டால் அதே பழம் வராது. ஒட்டுக் கட்டினால்தான் வரும். திங்கட்கிழமை வெட்ட வந்தவர்களை மூன்று வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, நர்சரிக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். நோயில்லாத இளங்கொம்புகளாகப் பார்த்து எடுத்து, பத்து மாங்கன்றில் ஒட்டுக் கட்டினார். ஆறு பிடித்திருக்கிறது. அதன் பிறகுதான் மரத்தை மேலிருந்து கிளை கிளையாகக் கழித்து இறக்கினார்கள். அடிமரத்தை அறுத்தபோது உள்ளே ஒரு ஆள் கையை விரித்து வைக்கிற அளவுக்கு வெற்றிடம். பார்த்தவர்கள் யாரும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்று புங்கன் பக்கத்து மூலையில், வீட்டிலிருந்து நல்ல தூரத்தில் நடப் போகிறார்கள். பாக்கி நாலும் நாலு பிள்ளைகள் வீட்டுக்கு. ஆறாவது எனக்கு! வேப்பமரம் விழுந்த இடத்தில் சிமென்ட்டை உடைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை சம்பிலிருந்து எத்தனை தூரம் என்று பையனே டேப்பைப் பிடித்து அளந்து வைத்திருக்கிறான்.

வீடு கட்டப் போகிற சகோதரிகளே, பிளான் போடுகிறவர் வருவதற்கு முதல் நாள் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஒரு மணி நேர வேலைதான். மற்றவை அடுத்த இதழில்.